மாப்பிள்ளை கொண்டுவந்த கல்

இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பைக் ஓட்டுவது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தஸ்ரில் அதைப் போகிற போக்கில் கற்றுக்கொண்டிருந்தான். மேட்டில் ஏறும்போது கல் வயிற்றில் இடித்தது. பள்ளத்தில் இறங்கும்போது பிரேக் பக்கம் காலைப் போகவிடாமல் தடுத்தது. அரிசிச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தும் அதற்கு அடங்கி உட்காரத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். ஊர் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். வயல்வெளி முழுக்க ஒலிபெருக்கியில் இமாமின் குரல் வந்துகொண்டிருந்தது. பெற்ற தாயை மறந்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னார்.

“அதைத்தாங்க செஞ்சுக்கிட்டிருக்கேன்” என்று தஸ்ரில் ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினான். தொழுகைக்குப் போகாமல் திருடப் போனவன் இதைவிட மரியாதையாக இமாமுக்குப் பதில் சொல்ல முடியாது.

சாக்கில் இருந்தது அவனுடைய அம்மாவின் மிளகாய்க் கல். தட்டையான கருங்கல், நடுவில் லேசான குழி, மேலே வைத்து அரைக்க உள்ளங்கைக்கு அடங்குகிற ஒரு குழவி. அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கா ரோஸ்மைனி சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் விளையாட ஓடிவிடுவாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய் அரைத்தவன் தஸ்ரில்தான். கை எரியும்போது அம்மா அதைப் பிடித்து அரிசி கழுவிய தண்ணீரில் முக்குவாள். இன்றைக்கும் அம்மாவை நினைத்தால் அவள் முகம் வருவதற்கு முன்னால் அந்த எரிச்சல்தான் அவனுக்கு ஞாபகம் வரும். அவனுக்கு அந்தக் கல் வேண்டும். அம்மா வீட்டில் வேறு எதுவும் வேண்டாம்.

வேறு எதுவும் கிடைக்கவும் கிடைக்காது, அது வேறு விஷயம். பாயகும்பு நகரத்துப் பக்கத்து ஊர்களில் வீடு, வயல், மாட்டுக்கொட்டில், சட்டிபானை எல்லாம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகன் கல்யாணம் ஆனதும் துணிமணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்கே அவன் கடைசிவரை மாப்பிள்ளை. மரியாதையாகக் காப்பி கொடுப்பார்கள். கோப்பை அவர்களுடையது.

போன வாரம் அக்காவிடம் நேராகத்தான் கேட்டான். அவள் அப்போது கொல்லைப்புறத்தில் நின்று வயல் சேற்றைக் காலிலிருந்து கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே மிக்ஸியில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, இந்தக் கல்லை நான் எடுத்துக்கவா?”

“எந்தக் கல்லை?”

“நீ மிதிச்சுக்கிட்டு நிக்கிற கல்லைத்தான்.”

ரோஸ்மைனி குனிந்து பார்த்தாள். ஒரு காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள். இன்னொரு காலையும் தூக்க முடியாததால் அப்படியே நின்றபடி கண் கலங்கினாள்.

“அம்மாவோட கல்லுடா! அஞ்சு தலைமுறையா இந்த வீட்டுப் பொம்பளைங்க அரைச்ச கல்லு. இதைப் போயிக் கேக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?”

“நீ கால் கழுவுற கல்லுக்கா.”

“கால் கழுவினாலும் எங்க கல்லு. நீ அடுத்த வீட்டுக்குப் போயிட்டவன்.”

தாய்மாமாவிடம் போனான். குலத் தலைவர் பட்டம் வாங்கியவர், ஊரே அவரை டாத்துக் என்றுதான் கூப்பிடும். அவர் சொன்னால் அக்கா கேட்பாள்.

“ஆம்பளைக்கு எதுக்குடா மிளகாய்க் கல்லு?” என்றார் டாத்துக்.

“நான் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன் மாமா.”

“அப்ப மிக்ஸி வாங்கு. ஊர்ச் சொத்துல கை வைக்காத.”

கல் ஒரே வாரத்தில் கால் கழுவுகிற இடத்திலிருந்து ஊர்ச் சொத்தாக உயர்ந்துவிட்டது. தஸ்ரில் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டான். கேட்டுப் பார்த்தாயிற்று. இனி எடுத்துக்கொள்வதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை, அக்கா பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டுக்குச் சமையலுக்குப் போயிருக்கிற நேரம், அவள் புருஷன் நஸ்ருல் பள்ளிவாசலில் தூங்குகிற நேரம், கொல்லைப்புறம் காலியாகத்தான் இருக்கும்.

இருந்தது. இப்போது கல் பைக்கில் இருக்கிறது.

ஆற்றுப்பாலம் தாண்டி, மனைவி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மரப்படியின் உச்சியில் மாமியார் அஸ்னிமார் நின்றிருந்தாள். அவள் அவனுக்குச் சொந்த அத்தை. அவனுடைய அப்பா ஜமாரிஸின் கூடப்பிறந்த தங்கை. அத்தை மகள் யுலினாரைத்தான் தஸ்ரில் கட்டியிருந்தான். அப்பா வழியில் பெண் கட்டினால் ஊரே மெச்சும். மெச்சிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடும். அஸ்னிமாரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியது ஊர் இல்லையே.

“மாப்பிள்ளை, சாக்குல என்ன?”

“கல்லு, அத்தை.”

“என்ன கல்லு?”

“மிளகாய்க் கல்லு. அம்மாவோடது.”

அஸ்னிமார் இரண்டு கைகளாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றில் வெள்ளம் வந்தபோதுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

“அது உங்க அம்மா குலத்துக் கல்லு. எங்க அடுப்படிக்குள்ள வராது.”

“கல்லுக்கு ஏது அத்தை குலம்?”

“மாப்பிள்ளைக்கே இருக்கு, கல்லுக்கு இருக்காதா? நாளைக்கு ஊர் என்ன பேசும்? அஸ்னிமார் வீட்டுல ஒரு மிளகா அரைக்கக்கூட நாதியில்ல, மாப்பிள்ளை அவங்க அம்மா வீட்டுலேருந்து சொமந்துட்டு வந்துதான் திங்கிறாங்கன்னு பேசாது?”

உள்ளேயிருந்து யுலினாரின் குரல் வந்தது. “அம்மா, அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது, விடேன்.”

“நீ சும்மா இருடி. இன்னைக்கு அவங்க கல்லு வரும், நாளைக்கு அவங்க அக்கா வருவா. ரெண்டுமே எடுத்து வெளிய வைக்க முடியாத கனம்.”

தஸ்ரில் கல்லை முதல் படியில் வைத்து மூச்சு வாங்கினான்.

“படியில வைக்காதீங்க! படியும் எங்க குலத்துதுதான்.”

“சரி. கல்லு வராத வீட்டுல நானும் மதியச் சோறு திங்கல” என்று சொல்லிவிட்டு அவன் கல்லைத் திரும்பத் தூக்கினான். வீராப்பாகத்தான் சொன்னான். ஆனால் கனத்தால் குரல் முக்கலாக வந்தது.

கடைக்குக் கொண்டுபோனான். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. கல்லை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். எத்தனையோ பேர் கால் சேறு போன பிறகு நடுக்குழி பளபளவென்று தெரிந்தது. பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் வதக்கி எடுத்து வைத்து, குழவியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்து அரைத்தான். மிளகாய் நசுங்குகிற அந்தச் சத்தம் கேட்டதும் அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். ‘விதையை முழுசா விட்டுட்டியே, கண்ணு எங்க இருக்கு உனக்கு?’ என்பாள். அவன் விதையையும் சேர்த்து அரைத்தான். அழுதான். மிளகாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழுகை முடிந்து கூட்டம் வந்தது. அக்கா புருஷன் நஸ்ருலும் வந்து உட்கார்ந்தான். தூங்கி எழுந்த முகம்.

“என்ன மச்சான், பள்ளிவாசல்ல ஆளையே காணோம்?”

கடையே திரும்பிப் பார்த்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவன் செத்திருக்க வேண்டும், இல்லை என்றால் நல்ல காரணம் வைத்திருக்க வேண்டும். தஸ்ரில் காரணம் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

“வயித்துப்போக்கு, மச்சான். காலையிலேருந்து ஒரே ஓட்டம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. ஒருவர் தட்டைப் பார்த்தார். பிறகு தஸ்ரிலின் கையைப் பார்த்தார்.

“இன்னைக்குச் சமைச்சது யாரு?”

“நான்தான். ஏன்?”

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிட்டது. நஸ்ருல் மட்டும் பொரித்த மீனை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு போனான். எண்ணெயில் வெந்த மீன்தானே என்று அவன் கணக்கு.

மறுநாள் கடையில் ஈயோட்டினான். சந்தைக்குப் போய்வந்த யுலினார் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கை இரண்டையும் இடுப்பில் வைத்து நின்றாள்.

“உங்களுக்கு இப்ப எப்படி இருக்குன்னு மீன்காரம்மா கேக்குறா, கோழிக்காரன் கேக்குறான். கொய்யாக் கொழுந்து குடுத்து விட்டிருக்காங்க ஒரு கட்டு. என்ன வியாதின்னு பொண்டாட்டி எனக்கே தெரியாதே. ஊருக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அது கெடக்கட்டும். உங்கக்கா ஊருக்கு வந்து கால் கழுவப் போனா என்ன ஆகும்?”

தஸ்ரிலுக்கு அப்போதுதான் உறைத்தது. திருடுவதைப் பற்றித்தான் அவன் யோசித்திருந்தான். திருடிய இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. அந்தக் கையோடு சந்தைக்கு ஓடி, அதே அளவில் ஒரு புதுக் கல்லை வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா திரும்பி வருவதற்குள் கொல்லைப்புறத்தில் வைத்து, மேலே இரண்டு கை சேற்றையும் அப்பிவிட்டு வந்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

ரோஸ்மைனி அதில் கால் கழுவியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அவள் கழுவவில்லை. தம்பி கேட்டதிலிருந்து அவளுக்கு அந்தக் கல்மேல் பாசம் பொங்க ஆரம்பித்திருந்தது. யாராவது கேட்கும்வரை ஒரு பொருளின் அருமை நமக்குத் தெரிவதில்லை, கேட்டுவிட்டால் அப்புறம் தூக்கம் வருவதில்லை. கல்யாண வீட்டிலிருந்து வந்த கையோடு அவள் கல்லைக் கழுவி, முன்னறையில் அம்மாவின் படத்துக்குக் கீழே பின்னல் துணி விரித்து வைத்துவிட்டாள். பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி.

தஸ்ரிலையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

“தொட்டுப் பாருடா. குடுக்கத்தான் மாட்டேன், தொட வேணா விடுறேன். கையை வச்சா அம்மா கைச்சூடு அப்படியே தெரியுது.”

அவன் தொட்டான். முந்தாநாள் சந்தையில் வாங்கிய கல் ஜில்லென்றிருந்தது.

“தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“அம்மா போன நூறாம் நாள் சாப்பாட்டுக்கு மிளகா முழுக்க இதுலதான் அரைக்கப் போறேன். என் கையாலயே.”

அவன் கையைக் கல்லிலிருந்து எடுத்தான். புதுக் கல் மண் விடும். தேங்காயும் அரிசியும் போட்டு நாள் கணக்கில் அரைத்து அரைத்துக் கொட்டினால்தான் அது சாப்பாட்டுக்கு ஆகும். இது கல்லைப் பார்த்திருக்கிற யாருக்கும் தெரியும். ரோஸ்மைனியும் தெரிந்தவள்தான். ஆனால் அவள் பார்வையில் இது ஐந்து தலைமுறைக் கல்.

“அக்கா, அத்தனை பேருக்கு எதுக்குக் கையால அரைக்கணும்? மிக்ஸியில போட்டுடு.”

“பாத்தியா, பொறாமை!”

“சரி, என் கடையில அரைச்சு நான் கொண்டாந்து தர்றேன்.”

“வயித்துப்போக்குக் கடை அரைப்பு எங்கம்மா விசேஷத்துக்கா? போடா அந்தப் பக்கம்.”

நூறாம் நாளும் வந்தது. முன்னறையில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்தது. ஓதி முடித்துச் சோறு வந்தது. மாட்டிறைச்சி, பலாக்காய்க் குழம்பு, பொரித்த மீன், எல்லாவற்றின் மேலும் ரோஸ்மைனி தன் கையால் அரைத்த சிவப்பு மிளகாய். முதல் கவளத்தை டாத்துக் வாயில் வைத்தார். மென்றார். அறை முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அது அவருடைய முன்பல். தங்கக் கட்டுப் போட்டது. அந்தப் பல் தெரிவதற்காகவே அவர் சாவு வீட்டில்கூடச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு அறையெங்கும் நறநறவென்று கேட்டது. பெரியவர்கள் மரியாதைக்காகத் துப்பாமல் விழுங்கினார்கள். ரோஸ்மைனி தன் வாயில் ஒரு விரல் அரைப்பை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள்.

“அம்மா கோவிச்சுக்கிட்டாளே! எந்நாளும் இல்லாம கல்லு மண்ணைக் கக்குதே! இவன் கண்ணு வச்சான், அம்மா மண்ணள்ளிப் போட்டுட்டா!”

கூட்டம் தஸ்ரிலைத் திரும்பிப் பார்த்தது. அவன் தலை குனிந்து மண்ணைத் தின்றான். ஊரில் தட்டு முழுவதையும் காலி செய்தவன் அன்று அவன் ஒருவன்தான்.

அன்று அரைப்பட்டினியாக எழுந்து போனவர்களுக்கு மறுநாள் வேறு வழியில்லை, கடைக்கு வந்தார்கள். வயிற்றுப்போக்கு பழைய செய்தியாகிவிட்டது. பச்சை மிளகாய் அரைப்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தவன் இரண்டாவது தட்டு கேட்டான். நஸ்ருலும் வந்தான். ஒரு கவளம் சாப்பிட்டதும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“மச்சான், இது எங்க மாமியார் கைப்பக்குவம்ல?”

“மிளகா அதே மிளகாதான் மச்சான்.”

“மிளகா இல்ல. அவங்க போனதுக்கப்புறம் இந்த ருசியை நான் பாக்கல.” நஸ்ருல் மெதுவாக எழுந்து, மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு வந்து உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். “நான் வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான்.

பொழுது சாய்வதற்குள் பஞ்சாயத்துக்கு ஆள் வந்துவிட்டது.

“திருப்பிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்களேன்” என்றாள் யுலினார். “ஊரே எதுத்து நிக்குதே.”

“நிக்கட்டும். கால் வலிச்சா உக்காருவாங்க.”

“குலத்தை விட்டே தள்ளி வச்சா?”

“கல்லை விட்டுட்டுக் குலத்துல இருந்து என்ன பண்ண? அம்மா படம் அக்கா வீட்டுல, அம்மா வயல் அக்காவுக்கு, அம்மாவைப் பொதைச்ச கபர் பக்கத்துல இடம்கூட அக்காவுக்குத்தான். நான் அவளுக்குப் புள்ளைன்னு சொல்ல என்கிட்ட என்ன இருக்கு, யுலி?”

யுலினார் உள்ளே போய், அவனுக்கு நல்ல சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

ரோஸ்மைனியின் முன்னறையில் ஆண்கள் சுவரோரம் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்பக்கம். நடுவில் பாய்மேல் இரண்டு கற்கள். ஒன்று பின்னல் துணியோடு. இன்னொன்றைத் தஸ்ரில் கடையிலிருந்து தானே சுமந்துகொண்டுவந்து வைத்திருந்தான். வைத்தவன் அதை விட்டு நகரவில்லை, ஒரு கையை அதன்மேல் போட்டபடி உட்கார்ந்திருந்தான். மூலையில் பழைய குதிரை வண்டிக்காரர் பக்கருதின் பொரித்த வாழைக்காயைத் தின்றுகொண்டிருந்தார். ஊரிலேயே மூத்தவர், காது மந்தம். எந்தப் பஞ்சாயத்தானாலும் சாட்சிக்கு என்று அவரைக் கூப்பிடுவார்கள். எந்தப் பஞ்சாயத்தானாலும் பலகாரத்துக்கு என்று அவர் வருவார்.

டாத்துக் பேச ஆரம்பித்தார். பஞ்சாயத்துப் பேச்சு என்றால் வானத்தில் தொடங்கி, மலை இறங்கி, ஆறு கடந்துதான் விஷயத்துக்கு வர வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கன்னம் வீங்கி, முன்பல் போயிருந்ததால், வானமும் மலையும் காற்றாகவே வெளியே வந்தன. ஆற்றைக் கடப்பதற்குள் அவருக்கே அலுத்துவிட்டது.

“திருடினியாடா?” என்று கேட்டுவிட்டார்.

“ஆமா மாமா, எடுத்தேன்.”

இப்படி ஒத்துக்கொள்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்து என்ன கேட்பது என்று டாத்துக்குக்குத் தெரியவில்லை.

“என் பல்லுக்கு என்னடா பதில்?”

“பல்லுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன். கல்லுக்குக் கேக்க மாட்டேன்.”

ரோஸ்மைனி உள்பக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள். “அஞ்சு தலைமுறைக் கல்லு! எங்கம்மாவோட அம்மா, அவங்க அம்மா, அத்தனை பேரு கையும் பட்ட கல்லு! அதைக் கொண்டுபோயி பஸ் ஸ்டாப்புல வச்சிருக்கானே, நீங்கல்லாம் கேக்க மாட்டீங்களா?”

“அத்தனை பேரு கை பட்டது, சரி. கடைசியா உன் கால்தானக்கா பட்டுச்சு” என்றான் தஸ்ரில். “நாலு நாள் புதுக் கல்லுக்குப் பூ வச்சே. அம்மா கைச்சூடு தெரியுதுன்னே. எது அம்மா கல்லுன்னே உனக்குத் தெரியல. எனக்குத் தெரியும். இருட்டுல தொட்டாலும் தெரியும். என்கிட்டேருந்து இதை எடுக்கணும்னா என்னையும் சேத்துத்தான் தூக்கணும். தூக்குற ஆள் முன்னால வரட்டும்.”

சொல்லிவிட்டுக் கல்லை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். சுவரோரம் இருந்தவர்கள் அவனையும் கல்லையும் சேர்த்து மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை.

“வீட்டுல வச்சிருந்தா பொண்டாட்டி வீட்டார்கிட்ட கேக்கலாம்” என்றார் டாத்துக் அஸ்னிமார் பக்கம் திரும்பி. “அஸ்னிமார், நீயும் இதுக்கு உடந்தையா?”

அஸ்னிமார் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி எழுந்து, பக்கருதின் காதிலும் விழுகிற மாதிரிக் கத்தினாள். “நானா? எங்க குலத்தை என்னன்னு நெனச்சீங்க? வாசப்படி ஏற விடல நான்! வந்த வேகத்துல திருப்பி அனுப்பினேன். எங்கம்மா மேல சத்தியமாச் சொல்றேன், கண்ட வீட்டுக் கல்லும் எங்கம்மா மிதிச்ச வாசலைத் தாண்டாது!”

“அத்தை, நீங்களுமா?” என்றான் தஸ்ரில். அவன் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. கல்லின் மேலிருந்த கை மட்டும் தாழவில்லை.

டாத்துக் நிமிர்ந்து உட்கார்ந்தார். தீர்ப்பு சொல்வதற்கு முன் முறைப்படி மூத்த சாட்சியைக் கேட்க வேண்டும். பக்கருதினின் காதருகே குனிந்து கத்தினார்.

“பெரியவரே! இந்தக் கல்லு எந்த வீட்டுக் கல்லு? இந்தப் பய காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க!”

பக்கருதின் விரல்களை நக்கித் துடைத்துக்கொண்டார். தவழ்ந்து வந்து, தஸ்ரிலின் மடியிலிருந்த கல்லை இப்படியும் அப்படியும் பார்த்தார். அடியில் கைவிட்டுத் தூக்கிப் பார்க்கப் போனவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதேதான். என் இடுப்பை ஒடிச்ச கல்லை எனக்குத் தெரியாதா? இது எப்படிப்பா இந்த வீட்டுக் கல்லாகும்? இவங்கப்பன் ஜமாரிஸ் கல்யாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, பொண்டாட்டி வீட்டு மிளகா நாக்குல ஏறல, அம்மா கல்லு இல்லாம சோறு எறங்கலன்னு, ஆத்துக்கு அந்தப் பக்கம் அவங்கம்மா அடுப்படிக்குள்ள பூந்து திருடிட்டு வந்தது. நானும் அவனும்தானே என் வண்டியில ஏத்தினோம்!”

கிழவர் மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

“நீ அப்ப மூக்கொழுகிட்டு நின்ன குட்டிப் பொண்ணு, அஸ்னிமார். உங்கம்மா சாகுறவரைக்கும் தேடின கல்லை மாப்பிள்ளை கொண்டாந்து வாசல்ல வச்சிருக்கான், நீ உங்கம்மா மேலயே சத்தியம் பண்ணி அதைத் துரத்தியிருக்கியே!”